ஒரு கேபிளைப் பிடுங்கினால் எதுவரை நிற்கும்? நெட்வொர்க் வடிவமைப்பு, அடிப்படையிலிருந்து

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போயின. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தின் நெட்வொர்க் படுத்துவிட்டது. 1.2 கோடிக்கும் அதிகமான வாடிக்கையாளர்களுக்குக் கைபேசி, வீட்டு இணையம் எல்லாம் ஒரே நேரத்தில் போயின. 911 அவசர எண்ணுக்குக்கூடப் பலரால் பேச முடியவில்லை. கடைகளில் டெபிட் கார்டு ஓடவில்லை. இந்த இரண்டு சம்பவங்களிலும் வெளியாள் யாரும் புகுந்து தாக்கவில்லை. வழக்கமான பராமரிப்பு வேலையின்போது உள்ளே இருந்தவர்களே செய்த ஒரு மாற்றம்தான் காரணம்.

இவ்வளவு கருவிகளும் இவ்வளவு பொறியாளர்களும் இருக்கும்போது ஒரே மாற்றத்தில் மொத்தமும் எப்படி விழும்? இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் எழும் கேள்வி இது. தவறான கட்டளையை யாரோ ஒருவர் கொடுப்பார், அதைத் தவிர்க்கவே முடியாது. அந்தத் தவறு எதுவரை பரவும் என்பது மட்டும் நெட்வொர்க்கை வரையும்போதே முடிவாகிவிடுகிறது. முப்பது கணினி உள்ள அலுவலகத்துக்கும் இது பொருந்தும், நாடு முழுக்கப் பரவிய தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கும் பொருந்தும். அது எப்படி என்று புரிய, கீழிருந்து தொடங்கலாம்.

சுவிட்ச், ரவுட்டர், சப்நெட்

ஒரு நெட்வொர்க்கில் தரவு சிறு சிறு பாக்கெட்டுகளாகப் போகிறது. அதை நகர்த்தும் கருவிகள் முக்கியமாக இரண்டு வகை.

1. சுவிட்ச்: ஒரே கூட்டத்துக்குள் இருக்கும் கருவிகளை இணைக்கும். எந்தப் போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) எந்தக் கருவி இருக்கிறது என்பதைத் தானாகக் கற்றுக்கொள்ளும். தெரியாத முகவரிக்கு ஏதாவது வந்தால் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பிவிடும்.

2. ரவுட்டர்: ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் நடுவே நிற்கும். போக வேண்டிய வழி தெரிந்தால் அனுப்பும், தெரியாவிட்டால் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும்.

இந்தக் கூட்டத்துக்குத்தான் சப்நெட் என்று பெயர். சப்நெட்டுக்குள் ஒரு கருவி "எல்லாரும் கேளுங்கள்" என்று கூப்பிட்டால் அந்த அழைப்பு அத்தனை கருவிகளுக்கும் போய்ச் சேரும். அதுதான் பிராட்காஸ்ட். ரவுட்டர் அதைத் தாண்ட விடாது. ஒரே சுவிட்சில் இருப்பவர்களைப் பல கூட்டங்களாகப் பிரிக்க வீலேன் என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டிலும் 12 பிட் அளவில் ஓர் எண் ஒட்டப்படும், அதனால் 4,094 வீலேன்கள்வரை வைத்துக்கொள்ளலாம்.

தெரியாததை எல்லாருக்கும் அனுப்பும் கருவி ஒன்று, தெரியாததைக் கீழே போடும் கருவி ஒன்று. பின்னால் வருவதெல்லாம் இந்த ஒரு வித்தியாசத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது.

லூப்: ஒரு முழக் கேபிள் போதும்

மேசைக்கு அடியில் ஒரு கேபிள் தொங்குகிறது. ஒரு முனை சுவரில் இருக்கிறது, மறுமுனை சும்மா கிடக்கிறது. சுத்தம் செய்பவரோ, இடம் மாறி உட்கார வந்தவரோ, "இது கழன்றுவிட்டது போல" என்று நினைத்து அதையும் பக்கத்தில் இருக்கும் சுவர்ப் பாயிண்டில் செருகிவிடுகிறார். இரண்டு முனையும் ஒரே சுவிட்சுக்குத்தான் போகின்றன.

இப்போது ஒரு பிராட்காஸ்ட் வருகிறது. சுவிட்ச் அதை எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்புகிறது. அந்தக் கேபிள் வழியாகப் போனது திரும்ப அதே சுவிட்சுக்கு வருகிறது. புதிதாக வந்ததென்று நினைத்து மறுபடி எல்லாருக்கும் அனுப்புகிறது. ரவுட்டர்கள் படிக்கும் ஐபி (இணைய முகவரி முறை) பாக்கெட்டில் ஆயுள் எண் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், பூஜ்யமானால் பாக்கெட் சாகும். சுவிட்சுகள் பயன்படுத்தும் ஈதர்நெட் முறையில் அப்படி எதுவும் இல்லை, சுற்ற ஆரம்பித்தது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு கிகாபிட் போர்ட்டால் மிகச் சிறிய அளவுப் பாக்கெட்டுகளை விநாடிக்கு 14.88 லட்சம் அனுப்ப முடியும் என்பதை நினைத்தால், சில விநாடிகளில் அந்தச் சப்நெட்டில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஏன் திணறுகிறது என்று புரியும். சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே வேகத்தில் துடிக்கும். பார்த்தவர்களுக்கு அது மறக்காது.

இதைத் தடுக்க ரேடியா பெர்ல்மன் 1985-இல் டெக் என்ற கணினி நிறுவனத்தில் இருந்தபோது ஸ்பேனிங் ட்ரீ முறையை உருவாக்கினார். சுவிட்சுகள் ஒன்றோடொன்று பேசி, எங்கெல்லாம் வட்டம் உருவாகிறதோ அங்கே ஒரு போர்ட்டைத் தாமாகவே அடைத்துவிடும். அருமையான யோசனை, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. அதன் இயல்பான நேர அளவுகள், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு சுவிட்சுக்கு மேல் வராது என்ற கணக்கில் வைக்கப்பட்டவை.

அந்த எல்லையைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2002 நவம்பரில் பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் நடந்ததைப் பார்க்கலாம். பல ஆண்டுகளாகக் கட்டடம் கட்டடமாகச் சேர்த்துச் சேர்த்து, ரவுட்டர்கள் நடுவே நின்று பிரிக்காத ஒரே தட்டையான பெரிய நெட்வொர்க்காக அது வளர்ந்திருந்தது. சுமை ஏறியபோது ஸ்பேனிங் ட்ரீ தடுமாறியது, லூப் உருவானது, மருத்துவமனை முழுவதும் நின்றது. ஓர் இடத்தில் சரி செய்தால் இன்னோர் இடத்தில் கிளம்பியது. சுமார் நான்கு நாள் மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள். பரிசோதனை முடிவுகளை ஆட்கள் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் தீர்ந்தது எப்படியென்றால், நடுவில் ரவுட்டிங் வைத்து அந்தத் தட்டை நெட்வொர்க்கைப் பிரித்த பிறகுதான்.

அந்த நெட்வொர்க்கை யாரும் ஒரு நாள் உட்கார்ந்து அப்படித் திட்டமிடவில்லை. ஒவ்வொரு முறையும் "இன்னொரு சுவிட்சை இதோடு மாட்டிவிடலாம்" என்று சேர்த்தார்கள், ஒவ்வொரு முறையும் வேலை செய்தது. நெட்வொர்க் விஷயத்தில் இதைவிட ஆபத்தான வாக்கியம் இல்லை என்பேன்: "இதுவரை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது."

இன்றைய வடிவமைப்பில் இதற்கான மருந்து நேரடியானது.

1. ஒரு சப்நெட் சில நூறு கருவிகளைத் தாண்ட வேண்டாம். வழக்கமான /24 அளவில் (முகவரியின் 32 பிட்டில் முதல் 24 எல்லாருக்கும் பொது) 254 கருவிகள் அடங்கும்.
2. ஒரு வீலேன் பல கட்டடங்களுக்கு நீள வேண்டாம். கட்டடங்களுக்கு நடுவே ரவுட்டிங் இருக்கட்டும்.
3. பயனர் செருகும் போர்ட்டுகளில் பிபிடியூ கார்ட் என்ற அமைப்பை இயக்கி வைக்க வேண்டும். இன்னொரு சுவிட்சின் குரலோ, சுற்றித் திரும்பி வந்த தன் குரலோ அந்தப் போர்ட்டில் கேட்டவுடன் போர்ட் தானாக மூடிக்கொள்ளும். மேசைக்கு அடியில் தொங்கிய கேபிளால் ஒரு மேசை மட்டும் நிற்கும்.

மூன்று அடுக்கா, முதுகெலும்பும் இலையுமா?

பெரிய அலுவலகம், கல்லூரி போன்ற இடங்களில் நெட்வொர்க்கை மூன்று அடுக்காக வரைவது வழக்கம். கணினிகள் செருகும் சுவிட்சுகள் ஆக்சஸ் அடுக்கு. ஒரு கட்டடத்தின் ஆக்சஸ் சுவிட்சுகள் வந்து சேரும் இடம் டிஸ்ட்ரிபியூஷன். கட்டடங்களை ஒன்றோடொன்று வேகமாக இணைக்கும் நடு அடுக்கு கோர். சிறிய இடத்தில் கடைசி இரண்டும் ஒன்றாகிவிடும்.

சர்வர்கள் நிறைந்த டேட்டா சென்டரில் நிலைமை வேறு. அங்கே பெரும்பாலான போக்குவரத்து சர்வருக்கும் சர்வருக்கும் நடுவே. அதனால் ஸ்பைன், லீஃப் என்ற இரண்டடுக்கு முறை: ஒவ்வொரு லீஃப் சுவிட்சும் எல்லா ஸ்பைன் சுவிட்சோடும் இணைந்திருக்கும், எந்த சர்வரிலிருந்து எந்த சர்வருக்கும் ஒரே தொலைவு. இதன் அடிப்படைக் கணக்கை 1953-இல் பெல் லேப்ஸின் சார்லஸ் கிளாஸ் தொலைபேசி இணைப்பகங்களுக்காக எழுதினார். நான்கு ஸ்பைனில் ஒன்று செத்தால் கொள்ளளவில் கால்பங்கு குறையும், எதுவும் நிற்காது. அந்தக் குணத்துக்காகத்தான் அது இவ்வளவு பரவியது.

முகவரித் திட்டம்: பிறகு மாற்ற முடியாத முடிவு

கேபிளை மாற்றலாம், சுவிட்சை மாற்றலாம். முகவரியை மாற்றுவது அப்படி அல்ல. அது ஃபயர்வால் (எது போகலாம், எது கூடாது என்று பார்க்கும் கருவி) விதியில், பிரிண்டர் அமைப்பில், யாரோ என்றோ எழுதிய நிரலில் எல்லாம் புகுந்திருக்கும். அதனால் முதல் நாளிலேயே பொறுமையாக உட்கார வேண்டிய வேலை இது.

ஐபி பதிப்பு 4 முகவரி 32 பிட், மொத்தம் சுமார் 429 கோடி. உலகளாவிய இருப்பின் கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று பிரித்துக் கொடுக்கப்பட்டுத் தீர்ந்தன. உள் உபயோகத்துக்கென்று 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 ஆவணம் மூன்று தொகுதிகளை ஒதுக்கி வைத்திருக்கிறது: 10-இல் தொடங்கும் அனைத்தும், 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை. இவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் இடத்துக்குள் பயன்படுத்தலாம். சிக்கலும் அங்கிருந்துதான் வருகிறது.

வீட்டு ரவுட்டர்களில் பல 192.168.0 அல்லது 192.168.1 என்ற தொகுதியோடுதான் பெட்டியிலிருந்து வருகின்றன. அலுவலகமும் அதையே வைத்திருந்தால், வீட்டிலிருந்து விபிஎன் (இணையத்தின் மேல் அலுவலகத்துக்குப் போடும் தனி இணைப்பு) வழியாக 192.168.1.10 என்ற அலுவலக சர்வரைத் தேடும் கணினி, "இது பக்கத்து அறையில்தானே இருக்க வேண்டும்" என்று வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும். இரண்டு நிறுவனங்கள் இணையும்போதும் இதே தலைவலிதான், பெரிய அளவில்.

நல்ல முகவரித் திட்டம் படித்தாலே இடம் தெரிய வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: 10.12.20.5 என்றால், 12 என்பது கிளையின் எண், 20 என்பது வகை (20 தொலைபேசி, 30 கணினி, 40 கேமரா என்று வைத்துக்கொள்வோம்), 5 என்பது கருவி. இதில் இரண்டு லாபம்.

1. பன்னிரண்டாம் கிளைக்குள் எத்தனை சப்நெட் இருந்தாலும் வெளியே இருக்கும் ரவுட்டர்களுக்கு 10.12.0.0/16 என்ற ஒரே வரி போதும். கிளைக்குள் ஒரு சப்நெட் எழுந்து விழுந்து எழுந்தாலும் அந்த ஆட்டம் வெளியே யாருக்கும் தெரியாது. தவறு பரவும் எல்லையை முகவரியே கட்டிப்போடுகிறது.
2. "கேமராக்கள் இணையத்துக்குப் போகக் கூடாது" என்ற விதி ஒவ்வொரு கிளையிலும் ஒரே மாதிரி இருக்கும். இரவு இரண்டு மணிக்குப் பதிவேட்டைப் பார்ப்பவருக்கு 40 என்ற எண்ணைக் கண்டதும் அது கேமரா என்று தெரிந்துவிடும்.

முகவரி தீர்ந்துபோகும் ஒரு சின்னக் கணக்கையும் பார்த்துவிடலாம். விருந்தினர் வைஃபைக்கு ஒரு /24, ரவுட்டருக்கு ஒன்று போக 253 முகவரி. அவற்றைத் தானாக வழங்கும் டிஎச்சிபி சர்வரில் வாடகைக் காலம் 8 நாள் (விண்டோஸ் சர்வரில் இயல்பாக இருப்பது இதுதான்). தினமும் புதிதாக 60 பேர் வந்து போகிறார்கள். ஆள் போனாலும் முகவரி அவர் பெயரில் எட்டு நாள் கிடக்கும். நான்கு நாளில் 240 போய்விட்டது. ஐந்தாம் நாள் பதினான்காவதாக வருபவருக்கு வைஃபை சிக்னல் முழுதாக இருக்கும், இணையம் வராது. எல்லாரும் வைஃபை சிக்னல் தரும் கருவியான ஆக்சஸ் பாயின்ட்டைக் குறை சொல்வார்கள். வாடகையைச் சில மணி நேரமாகக் குறைத்திருந்தால் இது வந்தே இருக்காது.

ஐபி பதிப்பு 6-இல் இந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை. ஓர் இடத்துக்கு /48 கிடைத்தால் 65,536 சப்நெட் வைக்கலாம். ஆனாலும் படித்தால் இடம் தெரியும் ஒழுங்கு அங்கேயும் வேண்டும்.

வேகம் என்று நாம் சொல்வது இரண்டு விஷயம்

"வேகமான இணைப்பு" என்ற சொல்லுக்குள் பேண்ட்விட்த், தாமதம் இரண்டும் கலந்து கிடக்கின்றன. பேண்ட்விட்த் என்பது குழாயின் அகலம், தாமதம் என்பது குழாயின் நீளம். அகலத்தைப் பணம் கொடுத்து வாங்கலாம். நீளத்தை யாராலும் குறைக்க முடியாது, ஏனென்றால் ஃபைபருக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 8,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வருக்குப் போய்வர, நடுவில் எந்தக் கருவியும் இல்லை என்று வைத்தாலும் 80 மில்லிவிநாடி. குரல் அழைப்புக்கு ஒரு வழித் தாமதம் 150 மில்லிவிநாடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியு-வின் பரிந்துரை. அதற்கு மேல் போகப் போக ஒருவர் பேச்சில் இன்னொருவர் மோத ஆரம்பிப்பார்கள்.

இந்த இரண்டும் சேர்ந்து எப்படி ஏமாற்றும் என்பதற்கு இது: தரவு போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யும் டிசிபி முறையில் அனுப்புபவர் ஓர் அளவுக்கு அனுப்பிவிட்டு "வந்தது" என்ற பதிலுக்காகக் காத்திருப்பார். பழைய அமைப்பில் அந்த அளவு அதிகபட்சம் 65,535 பைட். போய்வர 100 மில்லிவிநாடி என்றால் விநாடிக்குப் பத்து முறைதான் அனுப்ப முடியும், அதாவது சுமார் 5.2 எம்பிபிஎஸ். இணைப்பு ஒரு கிகாபிட்டாக இருந்தாலும் பத்துக் கிகாபிட்டாக இருந்தாலும் அந்த ஒரு பரிமாற்றத்துக்குக் கிடைப்பது 5.2 தான். இன்றைய கணினிகள் அந்த அளவைப் பெரிதாக்கிக்கொள்ளும், ஆனால் நடுவில் இருக்கும் ஏதாவது பழைய கருவி அதைக் கெடுத்துவிட்டால் கதை மறுபடி அங்கேதான் போய் நிற்கும். வேகம் போதவில்லை என்று இணைப்பைப் பெரிதாக்குவதற்கு முன் தாமதத்தை அளந்து பார்ப்பது நல்லது.

அகலத்திலும் ஒரு கணக்கு உண்டு. 48 போர்ட் சுவிட்ச், ஒவ்வொன்றும் ஒரு கிகாபிட். மேலே போகும் அப்லிங்க் இரண்டு, ஒவ்வொன்றும் 10 கிகாபிட். உள்ளே 48, வெளியே 20, விகிதம் 2.4-க்கு 1. இது தவறு இல்லை, எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகம் கேட்பதில்லை. அலுவலக ஆக்சஸ் அடுக்கில் 20-க்கு 1 வரைகூட ஏற்றுக்கொள்வது வழக்கம். சேமிப்பக சர்வர்களுக்கு நடுவே அதே விகிதத்தை வைத்தால் தாங்காது. யார், எப்போது, எதற்குப் பயன்படுத்துகிறார் என்று கேட்காமல் எந்த விகிதத்துக்கும் பொருள் இல்லை.

வைஃபை, மின்சாரம்: சுருக்கமாக

1. வைஃபையில் காற்று ஒன்றுதான். ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசலாம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் பெரும்பாலும் மூன்றே: 1, 6, 11. ஆக்சஸ் பாயின்ட்டுகளைச் சதுர அடிக்கு இத்தனை என்று வைக்காமல் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வைக்க வேண்டும். அதிகமாக வைத்தாலும் ஒன்றை ஒன்று கெடுக்கும்.
2. செம்பு ஈதர்நெட் கேபிள் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. 10 கிகாபிட் வேண்டுமென்றால் கேட் 6 ரகக் கேபிள் சுமார் 55 மீட்டர்வரைதான், கேட் 6ஏ முழு 100 மீட்டர். சுவருக்குள் போகும் கேபிள் சுவிட்சைவிட நெடுநாள் இருக்கும். அங்கே மிச்சம் பிடிப்பது வீண்.
3. கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும் சுவிட்சில் மொத்த வாட் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 370 வாட் என்று போட்டிருக்கும் 24 போர்ட் சுவிட்ச், ஒவ்வொன்றுக்கும் 15.4 வாட் வீதம் 24 கருவிக்குச் சரியாக வரும். புது ஆக்சஸ் பாயின்ட்டுகளுக்கு 30 வாட் ஒதுக்க வேண்டி வந்தால், பன்னிரண்டோடு முடிந்துவிடும். பதின்மூன்றாவது ஏன் எரியவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இரண்டு இருந்தால் போதுமா?

இங்கேதான் முடக்கச் செய்திகளின் பாதி விளக்கம் இருக்கிறது. 99.9 சதவீதம் இயங்கும் என்றால் ஆண்டுக்குச் சுமார் 8.8 மணி நேரம் நிற்கும் என்று பொருள். பயனரிடமிருந்து இணையத்துக்குப் போகும் வழியில் ஆக்சஸ் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூஷன் சுவிட்ச், கோர், ஃபயர்வால், வெளி இணைப்பு என்று ஐந்து கட்டம், ஒவ்வொன்றும் 99.9 என்றால், மொத்தம் 99.5 தான். ஆண்டுக்குச் சுமார் 44 மணி நேரம். சங்கிலியில் கண்ணி கூடக் கூட நம்பகம் குறையும்.

பக்கவாட்டில் இன்னொன்று வைத்தால் நிலைமை தலைகீழ். 99.9 உள்ள இரண்டு இணைப்புகள், ஒன்று போனால் மற்றது பார்த்துக்கொள்ளும் என்றால், இரண்டும் ஒரே நேரத்தில் போக வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஆண்டுக்குச் சுமார் 32 விநாடி. காகிதத்தில் பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில் நிற்கிறது: ஒன்று விழும் காரணத்துக்கும் மற்றது விழும் காரணத்துக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. அந்த நிபந்தனை உடையும் இடங்கள்:

1. ஒரே குழி. வேறு வேறு நிறுவனத்திடம் வாங்கிய இரண்டு ஃபைபரும் ஒரே பள்ளத்தில் போகும். ஒரு தோண்டும் இயந்திரம் போதும். 2001 ஜூலையில் பால்டிமோர் நகரின் ரயில் சுரங்கத்தில் சரக்கு ரயில் தடம் புரண்டு தீப்பிடித்தபோது, அந்தச் சுரங்கம் வழியே சென்ற பல நிறுவனங்களின் ஃபைபர்கள் சேர்ந்தே பாதிக்கப்பட்டன.
2. ஒரே மின்சாரம். இரண்டு கோர் சுவிட்சும் ஒரே யூபிஎஸ்ஸில். இதைப் படத்தில் பார்க்க முடியாது, அறைக்குள் போய்க் கம்பியைத் தடவிப் பார்த்தால்தான் தெரியும்.
3. ஒரே மென்பொருள், ஒரே அமைப்பு. இரண்டு கருவியிலும் ஒரே பிழை இருந்தால், முதலாவதை வீழ்த்தியதே இரண்டாவதையும் வீழ்த்தும்.
4. ஒரே சுமை. இரண்டு இணைப்பும் 70 சதவீதம் நிறைந்து ஓடுகின்றன. ஒன்று போனால் மற்றதன் மேல் 140 சதவீதம் விழுகிறது. மாற்று வழி இருந்தும் பயனில்லை. இரண்டு இணைப்பு வைத்தவர்கள் ஒவ்வொன்றையும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. "பாதி வீணாகக் கிடக்கிறதே" என்று நிர்வாகம் கேட்கும். அந்தப் பாதிதான் மாற்று வழி என்று எடுத்துச் சொல்வது வடிவமைப்பாளரின் வேலை.

பிரித்து வைத்தல்: பாதுகாப்பும் இதே கேள்விதான்

2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைத்தொடரிலிருந்து சுமார் 4 கோடி கார்டு விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் முதலில் கைப்பற்றியது, குளிர்சாதன வேலை பார்க்கும் ஓர் ஒப்பந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த நுழைவுச் சொற்களை. அங்கிருந்து பணம் வாங்கும் கல்லாக் கருவிகள்வரை அவர்களால் போய்ச் சேர முடிந்தது. குளிர்சாதனக்காரருக்கும் கல்லாவுக்கும் நடுவே கடக்க முடியாத சுவர் ஒன்று இருந்திருந்தால், திருட்டு முதல் அறையோடு நின்றிருக்கும்.

வீலேன் போட்டுப் பிரித்தாயிற்று என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். வீலேன்களுக்கு நடுவே ரவுட்டர் எல்லாவற்றையும் அனுமதித்தால் அது பிரிவினை ஆகாது, பெயர்ப் பலகை மட்டும்தான். எந்தக் கூட்டத்திலிருந்து எந்தக் கூட்டத்துக்கு எது போகலாம் என்று எழுதி, மற்றதெல்லாம் தடை என்று வைக்க வேண்டும். கேமரா, பிரிண்டர், கதவுப் பூட்டு, விருந்தினர் கைபேசி, வெளி ஒப்பந்தக்காரர் ஆகிய ஐந்தையும் பிரித்தாலே பெரும்பகுதி முடிந்தது.

இப்போது அந்த இரண்டு நாட்களுக்குத் திரும்பலாம்

ஃபேஸ்புக்கில் நடந்தது இந்த வரிசையில்:

1. டேட்டா சென்டர்களை இணைக்கும் முதுகெலும்பு நெட்வொர்க்கில் எவ்வளவு கொள்ளளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. அது எல்லா இணைப்பையும் அறுத்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய சோதனைக் கருவியில் பிழை இருந்தது.
2. பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வர்களுக்கு ஒரு விதி இருந்தது: டேட்டா சென்டரைத் தொட முடியாவிட்டால், நமக்குத்தான் கோளாறு என்று கருதி, "நான் இங்கே இருக்கிறேன்" என்று பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் முறை) மூலம் உலகுக்குச் சொல்வதை நிறுத்திவிட வேண்டும். ஒரு சர்வருக்கு இது நல்ல விதி. எல்லாச் சர்வரும் ஒரே நொடியில் அதைப் பின்பற்றியபோது, ஃபேஸ்புக் என்ற பெயரே உலகுக்குத் தெரியாமல் போனது.
3. சரி செய்யப் பொறியாளர்கள் உள்ளே போக வேண்டும். வழக்கமான வழியும் இல்லை, அவசரத்துக்கு வைத்திருந்த தனி வழியும் அன்று வேலை செய்யவில்லை. உள்ளே பயன்படுத்தும் கருவிகளும் டிஎன்எஸ்ஸை நம்பியிருந்தன. ஆட்களை நேரில் அனுப்ப வேண்டியதாயிற்று. எளிதில் யாரும் தொட முடியாதபடி பூட்டப்பட்ட கருவிகளைத் திறக்கவே நேரம் பிடித்தது.

ரோஜர்ஸில், ஏழு கட்டமாகத் திட்டமிட்ட மேம்பாட்டின் ஆறாவது கட்டம். ரவுட்டிங் தகவலை வடிகட்டும் ஒரு விதி நீக்கப்பட்டது. அணையில் மதகைத் திறந்தது போல மொத்த வழித்தகவலும் கோர் ரவுட்டர்களுக்குள் பாய்ந்தது, அவை தாங்காமல் விழுந்தன. கைபேசிச் சேவையும் வீட்டு இணையச் சேவையும் ஒரே கோரில் ஓடியதால் இரண்டும் சேர்ந்து போயின. நிர்வாக நெட்வொர்க்கும் அதே கோரை நம்பியிருந்ததால், என்ன நடந்தது என்று பார்க்கும் கண்ணும் போய்விட்டது. அதன் பிறகு இரண்டு சேவைகளின் கோர்களையும் தனித்தனியாகப் பிரிக்க நிறுவனம் முடிவெடுத்தது.

முந்தைய ஐந்து கட்டமும் நன்றாகப் போனதால் ஆறாவதற்கான ஆபத்து குறைவு என்று மதிப்பிடப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பாஸ்டன் மருத்துவமனையில் கேட்ட அதே குரல்தான் இதுவும்.

வடிவமைப்பில் எழுத வேண்டிய மூன்று வரி

இவற்றிலிருந்து திட்டத்தில் சேர்க்க வேண்டியவை என்று நான் கருதுபவை:

1. நிர்வாக வழி தனியாக வேண்டும். முக்கியமான ரவுட்டர், சுவிட்சுகளின் கன்சோலுக்கு (நேரடிக் கட்டுப்பாட்டு வாசலுக்கு) வேறு நிறுவனத்தின் கைபேசி இணைப்பு வழியாகப் போக முடிய வேண்டும். முகவரிகளும் கடவுச்சொற்களும், நெட்வொர்க் செத்தாலும் படிக்கக் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். காகிதமானாலும் சரி.

2. மாற்றம் தானாகத் திரும்ப வேண்டும். ஜூனிப்பர் ரவுட்டர்களில் "கமிட் கன்ஃபர்ம்டு" என்று ஒரு கட்டளை உண்டு. மாற்றம் அமலாகும், இயல்பாகப் பத்து நிமிடத்துக்குள் "சரி" என்று மறுபடி உறுதி செய்யாவிட்டால் பழைய நிலைக்கே போய்விடும். தவறான விதி போட்டு உங்களை நீங்களே வெளியே தள்ளிக்கொண்டாலும், பத்து நிமிடம் காத்திருந்தால் கதவு திறக்கும். இந்த வசதி இல்லாத கருவிகளில், சேமிக்காமல் மாற்றம் செய்து, பத்து நிமிடத்தில் கருவி தானாக மறுதொடக்கம் ஆகும்படி முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எல்லாம் நன்றாக இருந்தால் அதை ரத்து செய்துவிட்டுச் சேமிக்க வேண்டும்.

3. மாற்று வழி வேலை செய்கிறதா என்று பிடுங்கிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை, எல்லாருக்கும் முன்பே சொல்லி, ஆள் குறைவான ஒரு நேரத்தில், முதல் இணைப்பின் கேபிளைக் கையால் கழற்றுங்கள். எத்தனை விநாடியில் போக்குவரத்து மாறுகிறது, எந்த அழைப்பு அறுகிறது, எந்த எச்சரிக்கை வருகிறது, எது வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பச் செருகி, அது பழையபடி திரும்புகிறதா என்றும் பாருங்கள். போகும்போது சரியாகப் போய், திரும்பும்போது சிக்கிக்கொள்ளும் அமைப்புகள் நிறைய உண்டு.